செருப்பு இருக்கிற வாசல்

ஜூன் 4, செவ்வாய்

காலையிலேயே வீட்டில் சண்டை. காரணம் ஒரு சுழல் நாற்காலி. இவர் அதன் மேல் ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியின் சக்கரம் அத்தனையும் நன்றாக உருளக்கூடியது. நான் கத்தவில்லை. நிதானமாக, "உயரத்திலிருந்து விழுதல். இரண்டாவது செமஸ்டர், மூணாவது பாடம்" என்றேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பல்பு மாட்டுதல். கல்யாணமான நாள்லேர்ந்து" என்றார். இட்லி தின்றுகொண்டிருந்த மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

கடைசியில் இறங்கினார். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கினோம். நான் பிடித்துக்கொள்ள, அவர் மாட்டினார். ஸ்கூல் வேன் எடுக்க நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். பெல்ட் போடாத பிள்ளை ஒன்று இருந்தால் வேனை ஓர் அடி நகர்த்தமாட்டார். வீட்டுக்குள் மட்டும் சர்க்கஸ்.

எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் வேடிக்கை. நாற்பத்து நாலு வயதில் பணியிடப் பாதுகாப்பு மேலாண்மையில் முதுகலை. எழுதும்போதே வாயெல்லாம் பல்லாகிறது. வாரத்தில் ஐந்து நாள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் ஹால் சூப்பர்வைசர், சனி ஞாயிறு மாணவி. பரீட்சை எல்லாம் முடிந்தது. ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி.

ஜூன் 8, சனி

கைடு மேடம் தலைப்பை ஒப்புக்கொண்டார். எங்கள் கம்பெனியிலேயே அவசர வெளியேற்றப் பயிற்சி, அதாவது ட்ரில், நடத்த வேண்டும். மணி அடித்ததும் ஆட்கள் எந்த வழியாக, எப்படி வெளியே போகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். "புஸ்தகத்துல இருக்கறத எழுதாதீங்க. நடக்கறத எழுதுங்க" என்றார். என்னைவிட ஐந்து வயதாவது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் நிற்கும்போது எனக்குக் கை தானாகப் பின்னால் கட்டிக்கொள்கிறது.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி நாற்காலி காலியாக இருக்கிறது. "அக்டோபருக்குள்ள டிகிரியோட வந்தா உங்களுக்கு. இல்லன்னா வெளியாள்தான். என்னால அதுக்கு மேல இழுக்க முடியாது" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆக, ட்ரில் சொதப்பினால் ப்ராஜெக்ட் இல்லை. ப்ராஜெக்ட் இல்லையென்றால் டிகிரி இல்லை. டிகிரி இல்லையென்றால் இன்னும் பதினாலு வருஷம் பெட்டி ஒட்டும் மெஷினோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் ஏன் சொதப்பப்போகிறது?

ஜூன் 13, வியாழன்

ஒரு வெற்றி. ரேடியோ அண்ணன் காதடைப்பு போட ஒத்துக்கொண்டார்.

சர்க்கரை அரைக்கிற ரூம் அவருடையது. உள்ளே போனால் நம் மண்டையையே சேர்த்து அரைப்பது போலச் சத்தம். அந்தச் சத்தத்தையும் மீறி நாள் முழுக்கப் பாடுவார், அதனால்தான் அந்தப் பெயர். சத்தத்தை அளந்து காட்டினேன். காது போய்விடும் என்றேன். அசையவில்லை. "என் பாட்டு எனக்கே கேக்காதேம்மா" என்றார். கேட்கும் அண்ணா, உள்ளுக்குள் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றேன். போட்டுப் பார்த்தார். ஒரு வரி பாடினார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, கச்சேரி ஹால்ல பாடற மாதிரில்ல இருக்கு."

நல்ல காதடைப்பு. தடித்தது. உள்ளே இருந்தால் இடி விழுந்தாலும் தெரியாது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

புது ஷூ வாங்கினேன். நீல நிறம், வெள்ளை லேஸ். மகள் பார்த்துவிட்டு, "காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கும்மா" என்றாள். நான் காலேஜ் பெண்தானே?

ஜூன் 25, செவ்வாய்

நாளைக்கு ட்ரில். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சைக் கொடி வாங்கியாயிற்று, விசில் வாங்கியாயிற்று. விசிலைச் சமையலறையில் ஊதிப் பார்த்ததில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

ஜூன் 26, புதன்

போச்சு. எல்லாம் போச்சு. மானம் கப்பலேறிடுச்சு.

சரி. நிதானமாக எழுதுகிறேன்.

பேக்கிங் ஹாலின் பின்பக்கம் அவசர வாசல். அதைத் தாண்டினால் கூரை போட்ட சிமெண்ட் நடை, அதன் முடிவில் புல்தரை. எல்லோரும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். எல்லா ஷிஃப்டுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன், போஸ்டர் ஒட்டியிருந்தேன். மணி அடித்தது. நான் அவசர வாசலில் கொடியோடு நின்றேன். சிரித்த முகமாக. நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு ஆள் வரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஹால் காலி. அத்தனை பேரும் முன்பக்கம், ஓவனை ஒட்டிய நடை வழியாகப் போய்விட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் முதலில் பிடிக்கிற இடமே ஓவன்தான். அதன் வாசலைத் தொட்டுக்கொண்டு, எல்லோரும் உடை மாற்றும் அறைக்குள் நெரிந்துகொண்டிருந்தார்கள். எதற்கு? செருப்புக்கு. கம்பெனிக்குள் கம்பெனி கொடுத்த வெள்ளை ஷூதான் போட வேண்டும், சொந்தச் செருப்பு அந்த அறையில் இருக்கும். மணி அடிக்கிறது, ஜனங்கள் நிதானமாக உட்கார்ந்து வெள்ளை ஷூவைக் கழற்றி, செருப்பை மாட்டி, வாரை இழுத்து விட்டுக்கொண்டு வெளியேறுகிறார்கள். ஒருத்தி அடுத்தவளுடைய செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கே தனிப் பஞ்சாயத்து.

நான் உள்ளே புகுந்து கத்தினேன், தள்ளினேன், விசில் ஊதினேன். ஒருவழியாக எல்லோரையும் புல்தரைக்குச் சுற்றி அழைத்து வந்தேன். மேனேஜர் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ட்ரில் நல்லாத்தான் நடந்துச்சு. யார் கால்லயும் முள்ளு குத்தல" என்றார். அப்புறம் என் கையைக் காட்டினார்.

என் கையில் என் நீல ஷூ. ரெண்டும். கொடி எங்கே விழுந்ததென்றே தெரியாது. ஷூவை எப்போது எடுத்தேன்? சத்தியமாகத் தெரியாது. பாடம் நடத்தினவளே செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

அழுதேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நடுவில் கண்ணாடியில் என் மூஞ்சியையும் கக்கத்தில் ஷூவையும் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக, யாராவது பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஜூன் 27, வியாழன்

கடுகைப் பிடித்துக் கேட்டேன். கடுகு என் ஹாலில் கவர் ஒட்டுகிறவள். ஆள் சின்னது, நாக்கு காரம். "ஏண்டி, நேத்து மணி அடிச்சப்போ ஏன் பின்வாசலுக்கு வரல? அத்தனை தடவ சொன்னேனே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையிலேயே வியப்பு. "வெள்ளை ஷூவோட எப்படிக்கா வெளிய வர்றது? மண்ணு ஒட்டிக்கும். திரும்ப உள்ள வந்தா நீங்கதானே கத்துவீங்க? போன மாசம் தண்ணி பாட்டில் எடுக்க ஒரு எட்டு வெளிய வச்சதுக்கு என்னை எம்புட்டு திட்டுனீங்க."

மண்டையில் அடித்தது போல இருந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்காதவர்கள் இல்லை. சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டவர்கள். வெள்ளை ஷூவோடு வெளியே கால் வைக்காதே என்று வருஷக்கணக்காகத் தினமும் சொன்னோம். தீ வந்தால் பின்வாசலால் போ என்று நாலைந்து தடவை சொன்னோம். தினமும் சொன்னதைத்தானே கால் கேட்கும்? என் கால் உட்பட.

ஜூன் 29, சனி

தோற்றுப்போனதைச் சொல்லத்தான் கைடு மேடத்திடம் போனேன். வேறு தலைப்புக்கு நேரமிருக்கிறதா என்று கேட்பதாக உத்தேசம். செருப்புக் கதையைச் சொல்லி முடித்தேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதுக்கு மேல என்னங்க வேணும்? எல்லாரும் ஆள்களத் திருத்தணும்னுதான் எழுதுவாங்க. நீங்க ஆளத் திருத்தாதீங்க. அவங்க எப்படியும் செருப்புக்குத்தான் ஓடுவாங்க. அப்ப செருப்பு எங்க இருக்கணும்?"

வாயைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

"பின்வாசல்ல" என்றேன்.

"போய் ஆகற வேலையப் பாருங்க" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கவே இல்லை. பாதி வழி நடந்தே வந்துவிட்டேன். கால் தரையில் பாவவில்லை. செருப்பு பின்வாசலுக்குப் போனால் வருவதும் போவதும் அந்த வழியாகவே ஆகிவிடும். அவசர வாசல் என்று தனியாக ஒன்று இருக்கவே இருக்காது. தினமும் போகிற வாசலில் மணி அடித்தாலும் போவார்கள். எவ்வளவு லேசான விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை? போகட்டும், இப்போது தோன்றிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

மேனேஜர் முடியாது என்றுவிட்டார். வருகை மெஷின் முன்பக்கம், காவலாளி முன்பக்கம், பை சோதனை முன்பக்கம். அதுவுமில்லாமல், "வாங்க வர்ற பார்ட்டி பார்க்கிற மாதிரி செருப்பை அடுக்கி வைக்கறதா? பிஸ்கட் கம்பெனியா, செருப்புக் கடையா?" என்றார். ட்ரில்லுக்காக ஒதுக்கிய காலி அட்டைப்பெட்டியெல்லாம் மறுபடி பின்பக்க நடை முழுக்க. அதை எங்கே போடுவதாம்?

அவசர வழியில் அட்டைப்பெட்டி வைப்பதே தப்பு சார் என்றேன். "அதான் காலி பெட்டியாச்சே" என்றார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜூலை 9, செவ்வாய்

மேனேஜர் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறார். வீட்டில் இவர் சொல்கிறார்: "அவருக்கு என்ன கவலையோ, அதுலேர்ந்து ஆரம்பி. உன் கவலையச் சொல்லாத." வேன் ஓட்டுகிறவருக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளின் அம்மாக்களோடு தினமும் பேசிப் பேசி வந்திருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஒரு மாதம், சோதனைக்கு.

மேனேஜருடைய கவலை என்ன? லேட்டாக வருகிறவர்கள். பஸ் நிறுத்தம் எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஜனங்கள் இறங்கி, மொத்தச் சுவரையும் சுற்றி முன்பக்கம் வந்து, அறையில் இடித்துக்கொண்டு ஷூ மாற்றி, மறுபடி உள்ளே நடந்து வருகிறார்கள். பின்கேட்டைத் திறந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கம்பெனி. இதைச் சொன்னேன். தீ, புகை, பாதுகாப்பு - ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"லேட்டு குறையும்ங்கறீங்க?" என்றார்.

"குறையும் சார்."

"ஒரு மாசம் பார்ப்போம். வருகை மெஷினையும் காவலாளியையும் பின்கேட்டுக்கு மாத்தச் சொல்றேன். அந்தப் பெட்டிங்களை நீங்களே காலி பண்ணணும்."

பண்ணினோம். கடுகும் நானும் இன்னும் ரெண்டு பேரும். தூசியில் தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகிவிட்டது. தச்சர் வந்து அளவெடுத்தார். நடையின் அந்தக் கோடியில், புல்தரைக்குப் பக்கத்தில், புறாக்கூண்டு மாதிரி ரேக். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்தின் மேல் அவரவர் பெயர். வரும்போது சொந்தச் செருப்பை அங்கே விட்டு வெள்ளை ஷூவுக்கு மாற வேண்டும். போகும்போது வெள்ளையை வாசலோரக் கூடையில் போட்டுவிடலாம். நடை சிமெண்ட், அதனால் மண் பிரச்சினை இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

லேட் குறைந்திருக்கிறது. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த யோசனையே தன்னுடையதுதான் என்று ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும், எனக்கென்ன.

ரேக்கைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடுகினுடையது குழந்தைச் செருப்பு சைஸ். மேனேஜருடையது பளபள கறுப்பு. வைக்கவே மாட்டேன் என்றவர், எல்லோரும் வைப்பதைப் பார்த்து முதல் வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ரேடியோ அண்ணனுடையது சிவப்பு. அறுபது வயதை நெருங்குகிற ஆளுக்கு ரத்தச் சிவப்பில் ஷூ. பேத்தி வாங்கிக் கொடுத்ததாம். தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இரண்டாவது ட்ரில். சொல்லாமல் அடித்தோம். ஒரு ஆள் பாக்கியில்லாமல் பின்வாசலால் வந்து, போகிற போக்கில் செருப்பை எடுத்துக்கொண்டு புல்தரையில் போய் நின்றார்கள். பெயர் கூப்பிட்டேன், எல்லோரும் இருந்தார்கள். ரேடியோ அண்ணன் மட்டும் அப்போது டீ குடிக்க ஹாலுக்கு வந்திருந்தார், அவரும் கூட்டத்தோடு வந்துவிட்டார்.

மேனேஜர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "இந்தத் தடவை ஷூ கால்லயே இருக்கு" என்றார்.

இன்று யாராவது கேட்டால் தலைகீழாக நின்றுகூடக் காட்டுவேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தீசிஸ் எழுதுகிறேன். ஒரே மேஜையில் அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் நான். அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள் - அதாவது, அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்று குட்டு வெளிப்பட்டது. நான் சாமான் வாங்கக் கடைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வார் அறுந்ததால் செருப்பை வாசல் அலமாரியில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தால், டிவி அலறுகிறது. என்னைக் கண்டதும் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உன் செருப்பு வாசல்ல இல்லையேம்மா. நான் ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் உக்காந்தேன்."

எத்தனை வருஷமாக நடக்கிறதோ இந்த வேவு. செருப்பு இருந்தால் புத்தகம், இல்லையென்றால் டிவி. சிரித்துவிட்டுத் திட்டினேன். வரிசை தப்பிவிட்டது, திட்டிவிட்டுச் சிரித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வியாழக்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் வாழ்நாள் முழுக்கச் சுரங்கப் பாதுகாப்பில் இருந்தவராம். சிரிக்கவே மாட்டாராம். போன வருஷம் ஒருவரைத் திருப்பி அனுப்பினாராம். எல்லாம் "ஆம்" போட்டுச் சொல்கிறார்கள், நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் பயம் பயம்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே போனேன். பெரிய மேஜை. கைடு மேடம், எக்ஸாமினர், இன்னொரு பேராசிரியர். பேசினேன். நன்றாகவே பேசினேன். நான் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த இடத்தில் பேராசிரியர் சிரித்தார். எக்ஸாமினர் சிரிக்கவில்லை. சொன்னது சரிதான்.

கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிம்மா. ஒரு ஆள் உள்ள மாட்டிக்கிட்டா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேர் கூப்பிட்டுப் பார்ப்போம் சார்."

"யாரு கூப்பிடுவா?"

"நான் சார்."

"நீங்க அன்னிக்கு லீவுல இருந்தா?"

வேறு யாராவது கூப்பிடுவாங்க சார் என்று என்னமோ உளறினேன். அவர் தலையை ஆட்டவில்லை, எதையோ எழுதிக்கொண்டார். வெளியில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைப் போட்டேன். போட்டதும் கடுகு. மூச்சு வாங்குகிறாள்.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாரும் நல்லா இருக்கோம்."

இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

ஓவன் பெல்ட் சிக்கி, பிஸ்கட் உள்ளேயே கருகி, புகை குபுகுபுவென்று முன் நடை முழுக்க வந்துவிட்டதாம். அந்த நடைதான். ஜூன் மாதம் அத்தனை பேரும் ஓடின அதே நடை. மணி அடித்ததும் எல்லோரும் பின்வாசலால் வெளியே. மேனேஜர் பெயர் கூப்பிடப் பார்த்திருக்கிறார். பெயர் வரிசை என் மேஜை டிராயரில், உள்ளே, பூட்டி. சாவி? என் கைப்பையில். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மடியில் இருந்த அதே கைப்பையில்.

"ஆளாளுக்கு இவன் இருக்கானா அவ இருக்காளான்னு கத்திக்கிட்டிருந்தோம்க்கா. ஒண்ணும் புரியல. நான் சும்மா திரும்பிப் பார்த்தேன். ரேக் பூரா காலி. எல்லாரும் செருப்பை எடுத்துட்டாங்க. ஒண்ணே ஒண்ணு நிக்குது. செவப்பு."

ரேடியோ அண்ணன். காதடைப்பு. ஐயோ, நான்தானே கொடுத்தேன். இடி விழுந்தாலும் தெரியாதுன்னு பெருமையா எழுதி வேற வச்சேன். அவருக்கு எப்படி மணி கேக்கும்? ஒரு தடவையாவது யோசிச்சேனா?

"உள்ள போகறேன்னு ரெண்டு பேரு கிளம்பினாங்க. மேனேஜர் விடல. நான்தான் சொன்னேன், அவரு ரூமுக்குக் கரண்ட்ட நிறுத்துங்கன்னு. மெயின் வெளியதானே இருக்கு. எலக்ட்ரீஷியன் போய் நிறுத்தினாரு. அரைக்கிற மெஷின் நின்னுச்சு, லைட்டு போச்சு. அப்புறம் பக்கவாட்டு ஷட்டரத் தூக்கிக்கிட்டு வர்றாருக்கா, ஒடம்பு பூரா சர்க்கரை, காதுல அந்த அடைப்பு, பயங்கர கோவம். 'பாட்டு நடுவுல கரண்ட்ட நிறுத்துனவன் எவன்டா'ன்னு கேக்கறாரு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது. ரெண்டும்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

கதவு திறந்தது, கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். எக்ஸாமினர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "சார், நீங்க கேட்டதுக்கு நான் சொன்ன பதில் தப்பு. வேற பதில் இருக்கு. இப்பத்தான் வந்துச்சு."

சொன்னேன். பூட்டிய டிராயரையும் சொன்னேன். காதடைப்பை நான்தான் கொடுத்தேன், மணிக்குப் பதிலாக அந்த அறையில் விளக்கு வைக்க எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டில் என் பெண் தினமும் ஜன்னல் வழியாகச் செருப்பைப் பார்த்து நான் இருக்கிறேனா என்று தெரிந்துகொள்கிறாள் சார், நான் அதைத் தீசிஸ் எழுதிக்கொண்டே பார்த்தேன், அப்போதும் உறைக்கவில்லை என்றேன்.

எக்ஸாமினர் பேனாவை மூடி வைத்தார். "சுரங்கத்துல இறங்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பித்தளை வில்லையை ஆணியில மாட்டிட்டுப் போவோம்" என்றார். "ஏறி வந்ததும் எடுத்துடணும். ஆணியில வில்லை நின்னா, ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். நான் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்டேன். நீங்க செருப்பை மாட்டியிருக்கீங்க."

அப்போது சிரித்தார். நேரில் பார்த்தவள் நான். சிரிப்பார்.

கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும், இன்று நடந்தது, காதடைப்பு உட்பட எல்லாம் அதில் வர வேண்டும். அவ்வளவுதான். பாஸ்.

செப்டம்பர் 13, வெள்ளி

முதல் வேலையாகச் சர்க்கரை ரூமுக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போனதும் எல்லாம் மறந்து, "அண்ணா, மன்னிச்சிடுங்க" என்று மட்டும்தான் வந்தது.

ரேடியோ அண்ணன் ஒரு காதை மட்டும் திறந்தார். "எதுக்கு? காது நல்லா கேக்குதும்மா இப்ப. வீட்ல அவ முணுமுணுக்கறதுகூடக் கேக்குது. அதுக்கு வேணா மன்னிப்புக் கேளு."

செப்டம்பர் 24, செவ்வாய்

சர்க்கரை ரூமில் சுழலும் சிவப்பு விளக்கு மாட்டியாயிற்று. எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன். பெயர் வரிசை இனிமேல் ரேக்கின் பக்கத்தில், கண்ணாடிக்குள், பூட்டு இல்லாமல்.

அக்டோபர் 14, திங்கள்

பாதுகாப்பு அதிகாரி. பலகையில் எழுதிவிட்டார்கள். முன்பக்கக் கட்டடத்தில் தனி அறை, ஜன்னல், மின்விசிறி, சுழல் நாற்காலி. நாற்காலியைப் பார்த்ததும் இவர் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். "இனிமே நீங்க அவ்வளவு தூரம் பின்பக்கம் போக வேண்டாம். ஷூவ இங்கயே கழட்டி வச்சுக்கலாம். ஆபீசர்ங்க அப்படித்தான்" என்றார். அவருடைய பளபள கறுப்பு அவருடைய அறையில்தான் இருக்கிறது, போன வாரத்திலிருந்து. புகை அடங்கியதும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது.

"சார், உங்க கட்டத்துல உங்க ஷூ இல்லையே" என்றேன்.

"நான் இங்கதானே இருக்கேன்."

"அது எனக்குத் தெரியும் சார். ரேக்குக்குத் தெரியாதே."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். அப்புறம் தன் அறைக்குப் போய்க் கறுப்பு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு பேருமாகப் பின்பக்கம் நடந்தோம். மேனேஜர் சாக்ஸ் காலோடு, கையில் ஷூவோடு. ஹாலில் கடுகு பார்த்துவிட்டு, கவரை ஒட்டாமல் விரலை ஒட்டிக்கொண்டாள்.

ரேக்கில் என் பழைய கட்டம் அப்படியே இருந்தது. கையில் கொண்டு வந்த நீல ஷூவை வைத்தேன். பக்கத்துக் கட்டத்தில் சிவப்பு. உள்ளே சர்க்கரை அரைபட ஆரம்பித்துவிட்டது.